பூதக்கண்ணாடி இல்லாமல் படிக்க முடியாத அகராதி: வாங்கலாமா?

பழைய புத்தகம் விற்பவரிடம் ‘காம்பாக்ட் ஆக்ஸ்ஃபோர்டு’ என்று கேட்டால் மூன்று விதமான சரக்கு வெளியே வரும். 1971இல் வந்த இரண்டு தொகுதிப் பெட்டி ஒன்று. 1991இல் வந்த தடித்த ஒற்றைத் தொகுதி இன்னொன்று. மூன்றாவது, அதே பெயரை அட்டையில் போட்டுக்கொண்டு பிற்காலத்தில் வந்த சாதாரணக் கையகராதி. மூன்றாவதை இவற்றோடு குழப்பிக்கொண்டு பணம் கட்டிவிடாதீர்கள். பெயர்தான் ஒன்று, சரக்கு வேறு. நான் எழுதப்போவது முதலாவதைப் பற்றி. 1991 பதிப்பை நண்பர் வீட்டில் புரட்டியிருக்கிறேன் என்பதால் அதைப் பற்றியும் ஒன்றிரண்டு வார்த்தை சொல்கிறேன்.

நான் தொழிலில் புரூஃப் ரீடர். அச்சகத்தில் ஆரம்பித்து, இப்போது வீட்டில் உட்கார்ந்தபடியே பதிப்பகங்களுக்குப் பிழை பார்க்கிறேன். இடையில் ஆங்கிலக் கட்டுரைகளை மொழிபெயர்ப்பதும் உண்டு. அதனால் எழுத்து அளவு, தாள், பைண்டிங் என்று பேச்சு போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பொருள் என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் முதல் பதிப்பு 1884இல் பகுதி பகுதியாக வெளிவர ஆரம்பித்து 1928இல்தான் முடிந்தது. 15,490 பக்கம். 4,14,825 சொற்கள். அந்தச் சொற்களை யார் யார் எந்தெந்த ஆண்டில் எப்படி எழுதினார்கள் என்று காட்டும் மேற்கோள்கள் 18,27,306. 1933இல் ஒரு துணைத்தொகுதியும் சேர, மொத்தம் 13 தொகுதி ஆயிற்று. இதை வீட்டில் வைக்க யாருக்கு இடம் இருக்கிறது? 1971இல் பக்கங்களையெல்லாம் படமெடுத்துச் சுருக்கி, நாலு பழைய பக்கத்தை ஒரே பக்கத்தில் அடுக்கி, 4,116 பக்கத்தில் இரண்டே தொகுதியாக்கிவிட்டார்கள். ஒரு சொல்லைக்கூட வெட்டவில்லை, எழுத்தைத்தான் சிறிதாக்கினார்கள். படிப்பதற்கு வசதியாக, புத்தகப் பெட்டியின் மேல்புறம் ஒரு சின்ன இழுப்பறை வைத்து, அதில் ஒரு பூதக்கண்ணாடியும் போட்டுக் கொடுத்தார்கள். அமெரிக்காவில் ஒரு புத்தக மன்றம் புதிதாகச் சேரும் உறுப்பினர்களுக்கு இதை அடிமாட்டு விலைக்குக் கொடுத்ததால் பிரதிகள் ஏராளமாகப் புழங்கின. இன்றும் பழைய புத்தகச் சந்தையில் சுலபமாகக் கிடைக்க அதுவும் ஒரு காரணம்.

எனக்கு வந்த பெட்டியில் இழுப்பறை இருந்தது, கண்ணாடி இல்லை. விளம்பரத்தில் ‘முழு செட்’ என்று போட்டிருந்தார்கள். கேட்டதற்கு, “சார், புஸ்தகம் ரெண்டும் இருக்குல்ல, அதான் முழு செட்” என்று பதில் வந்தது. அதற்கு மேல் நானும் பேசவில்லை. பெட்டியின் எடையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பும் எண்ணமும் போய்விட்டது. கூரியர் பையன் மாடிப்படி ஏறி வந்து அதை இறக்கி வைத்தபோது என் மனைவி சொன்னது: “என்னங்க, இதுக்கு ஒரு பாயும் தலகாணியும் போட்டுத் தந்துடுங்க. இனிமே இதும் நம்ம கூடத்தான் இருக்கப்போகுது.”

கண்ணாடி விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். வாங்குபவர்கள் இடறி விழுவது இங்கேதான். நாலு பக்கம் ஒரு பக்கத்தில் என்றால் பரப்பளவில் கால் பங்கு, உயரத்தில் பாதி. ஆகவே இரண்டு மடங்கு பெரிதாக்கினாலே மூல அச்சின் அளவு திரும்ப வந்துவிடும். நகைக்கடைக்காரர் கண்ணில் இடுக்கிக்கொள்ளும் லூப் வேண்டாம். அது பத்து மடங்கு காட்டும், ஆனால் ஒரு நேரத்தில் இரண்டு சொல்தான் தெரியும். வரியின் வால் எங்கே போயிற்று என்று தேடிக்கொண்டே இருக்க வேண்டும். கைப்பிடி வைத்த வட்டக்கண்ணாடி பரவாயில்லை, ஆனால் கை நடுங்க ஆரம்பித்தால் எழுத்தும் நடுங்கும். தாளின் மேலேயே உட்காரும் கண்ணாடிக் குமிழ் ஒன்று எழுதுபொருள் கடைகளில் கிடைக்கிறது. சுற்றியுள்ள வெளிச்சத்தைத் தானே வாங்கி எழுத்தின் மேல் இறக்குகிறது. பக்கத்தில் நெடுக இறங்கும் ஒரு பத்தியின் (column) அகலத்துக்கு ஏறக்குறைய சரியாக இருப்பதால், அப்படியே மேலிருந்து கீழே தள்ளிக்கொண்டு போகலாம். இந்த அகராதிக்கு இதைவிடப் பொருத்தமான துணை இல்லை. 1991 பதிப்பு இன்னும் மோசம்: அதில் ஒன்பது பக்கம் ஒரு பக்கத்தில். இரண்டாம் பதிப்பின் 20 தொகுதியும் சுமார் 2,400 பக்கத்துக்குள் அடங்கிவிட்டன. சரக்கு அதிகம்தான், ஆனால் எழுத்து மூன்றில் ஒரு பங்கு உயரம். நாற்பது வயதைத் தாண்டியவர்கள் அதன் பக்கம் போகாமல் இருப்பது நல்லது.

அச்சு எப்படி என்று கேட்டால், தொழில் தெரிந்தவன் என்ற முறையில் ஒரு சபாஷ் போட்டே ஆக வேண்டும். இவ்வளவு சிறிதாக்கிய பிறகும் எழுத்தின் வயிறு அடைபடவில்லை. ஆங்கிலச் சின்ன ‘e’யின் கண் திறந்தே இருக்கிறது. மேற்கோள்கள் விளக்கத்தைவிடச் சின்ன எழுத்தில் அமைந்தவை, அவற்றிலும் முற்றுப்புள்ளியும் காற்புள்ளியும் பிரிந்து தெரிகின்றன. தாள் மெல்லியது, ஆனால் பின்பக்கத்து எழுத்து முன்னால் எட்டிப் பார்ப்பதில்லை. ஆண்டு எண்கள் தடித்த எழுத்தில் இருப்பதால், கண்ணாடியை வைப்பதற்கு முன்பே ஒரு சொல்லின் வயதை உத்தேசமாகக் கணித்துவிடலாம்: எண்கள் நீளமாக இறங்கினால் பெரிய குடும்பம், இரண்டு மூன்றோடு நின்றால் அரிய சொல். வழக்கொழிந்த சொல்லுக்கு முன்னால் கத்தி போன்ற ஒரு குறி, நாங்கள் டேகர் என்போம். மூலப் பக்கம் ஒன்றில் மூன்று பத்தி என்பதால் இங்கே ஒரு பக்கத்தில் பன்னிரண்டு பத்தி. முதல் சில நாள் எந்தக் குட்டிப் பக்கத்திலிருந்து எதற்குத் தாவுவது என்றே புரியாது. மேல் வரிசையில் இடம், வலம், பிறகு கீழ் வரிசையில் இடம், வலம் என்று கண் பழகிய பிறகு சிரமமில்லை.

சரி, உள்ளே இருக்கும் விஷயத்துக்கு வருவோம். எந்த அகராதியையும் ஒரு சொல்லைக் கொண்டுதான் உரசிப் பார்க்க வேண்டும். நான் எடுத்துக்கொண்ட சொல் ‘லூக்யுப்ரேட்’. ஆங்கில வினைச்சொல். இங்கிலாந்துக்காரர்களிலேயே நூற்றுக்குத் தொண்ணூறு பேர் முழிப்பார்கள் என்று நினைக்கிறேன். பதினெட்டாம் நூற்றாண்டுக் கட்டுரை ஒன்றை மொழிபெயர்க்கும்போது அதன் பெயர்ச்சொல் வடிவமான ‘லூக்யுப்ரேஷன்’ எதிரே வந்து நின்றது. 1709இல் ரிச்சர்ட் ஸ்டீல் லண்டனில் ஒரு பத்திரிகை தொடங்கினார். 1711 தொடக்கத்தில் அதை நிறுத்தி, ஐசக் பிக்கர்ஸ்டாஃப் என்ற தன் புனைபெயர் ஆசாமியின் ‘லூக்யுப்ரேஷன்கள்’ என்ற பெயரில் நூலாகக் கட்டினார். கனமான தலைப்பு போலத் தோன்றும். படித்துப் பார்த்தால் காபிக்கடை வம்பு, நாடகம், சீட்டாட்டம், காதல் என்று போகிறது. பெரிய பெயரைச் சின்ன விஷயத்துக்கு வைத்த குறும்பு அது. அந்தக் குறும்பு புரிய வேண்டுமானால் சொல்லின் எடை தெரிய வேண்டும். அதற்குத்தான் பெட்டியைத் திறந்தேன்.

முதல் தொகுதி, ஏ முதல் ஓ வரை. எல் எழுத்துக்குப் போய், பக்கத்தைப் பிடித்து, குமிழை இறக்கினேன். அக்கம்பக்கத்தில் யார் யார் குடியிருக்கிறார்கள் பாருங்கள்: கொஞ்சம் முன்னால் ‘லூசிஃபர்’, அதாவது சாத்தானும், விடிவெள்ளியும், பழைய காலத் தீக்குச்சியும். அப்புறம் ‘லூக்கர்’, கையில் ஒட்டும் அழுக்குக் காசு. மல்யுத்தம் என்ற பொருளில் செத்துப்போன ‘லக்டேஷன்’. கீழே, ஒளி பொருந்திய என்று பொருள்படும் ‘லூக்யுலென்ட்’. ஒளி, காசு, குஸ்தி மூன்றும் வெவ்வேறு லத்தீன் வேர்கள், அகர வரிசையால் மட்டும் ஒரே தெருவில் வீடு கட்டியவை. ஃபோனில் ஒரு சொல்லைத் தட்டினால் அந்தச் சொல் மட்டும்தான் வரும். தெரு தெரியாது.

நடுவில் நம் சொல். பதிவு சின்னதுதான். விளக்கம்: செயற்கை வெளிச்சத்தில் வேலை செய்தல், அதிலிருந்து இரவில் விழித்து உழைத்து எழுதுதல். வரலாறு பதினேழாம் நூற்றாண்டிலிருந்து தொடங்குகிறது. மெத்தப் படித்தவர்கள் லத்தீனை அள்ளி அள்ளி ஆங்கிலத்தில் கொட்டிய காலம் அது. சதுர அடைப்புக்குள் பிறப்பு: லத்தீன் ‘லூகூப்ராரே’, அடியில் ‘லூக்ஸ்’, ஒளி. நம் வீட்டுக் குளியலறையில் லக்ஸ் என்று எழுதியிருக்கிறதே, அதே எழுத்துக்கள்.

அவ்வளவுதான். பிறப்புக்கு ஒரு வரி. இங்கேதான் எனக்குக் கொஞ்சம் குறை. குறையைச் சொல்வதற்கு முன்னால், இந்த எல் எழுத்துப் பகுதியைத் தொகுத்தவரைப் பற்றிச் சொல்லாமல் நகர மனம் வரவில்லை.

இந்த அகராதி என்றால் எல்லாரும் அதன் ஆசிரியர் ஜேம்ஸ் மரே பெயரைச் சொல்வார்கள். எல் எழுத்து அவர் கைவேலை அல்ல, ஹென்றி பிராட்லியுடையது. ஷெஃபீல்டில் கத்தி, கரண்டி செய்யும் கம்பெனி ஒன்றில் கடிதம் எழுதும் குமாஸ்தாவாக இருபது வருஷம் இருந்தவர். பல்கலைக்கழகப் படிப்பு கிடையாது. மொழிகளைத் தானாகவே கற்றுக்கொண்டார். சின்ன வயதில் வீட்டுப் பிரார்த்தனையின்போது அப்பாவின் மடியில் விரிந்திருக்கும் பைபிளை எதிரிலிருந்து பார்த்துப் பார்த்தே எழுத்துக் கூட்டியதால், ஒரு காலத்தில் தலைகீழாக மட்டும்தான் படிக்கத் தெரிந்ததாம். அச்சுக் கோத்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது, ஈய எழுத்தைத் தலைகீழாகப் படித்துத்தானே நாங்களும் பழகினோம். 1884இல் பிழைப்புத் தேடி லண்டன் வந்து சேர்ந்த சமயம், அகராதியின் முதல் பகுதிக்கு மதிப்புரை எழுதும் வேலை பத்திரிகை ஒன்றிலிருந்து அவரிடம் வந்தது. வீட்டில் மேசைகூட வந்து சேரவில்லை. தேயிலைப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் எழுதினார். பாராட்டினார், கூடவே எந்தெந்தச் சொல்லின் பிறப்பு தவறு என்று பட்டியலும் போட்டார். மரே படித்துவிட்டு ஆளைத் தேடிப் பிடித்தார். சில வருஷத்தில் பிராட்லி அதே அகராதிக்கு ஆசிரியர்களில் ஒருவர். 1915இல் மரே இறந்த பிறகு தலைமை ஆசிரியர். மதிப்புரை எழுதி வேலை வாங்கிய ஆள் என் கைக்கு எட்டியவரை இவர் ஒருவர்தான். எனக்கு இதுவரை பதிப்பாளர்களின் கோபம்தான் கிடைத்திருக்கிறது.

இப்போது குறை. அந்த அகராதி ஆங்கிலச் சொல்லின் வாழ்க்கை வரலாறு. லத்தீன் வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிட்டுக் கும்பிடு போட்டுவிடும். உள்ளே என்ன நடந்தது என்று அறிய வேறு அகராதி வேண்டும். நான் போனது லூயிஸ்–ஷார்ட் லத்தீன் அகராதிக்கு. 1879இல் வந்தது. அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் பெர்சியஸ் தளத்தில் காசில்லாமல் திறந்து கிடக்கிறது. அட்டையில் இரண்டு பெயர் இருந்தாலும் ஷார்ட் செய்தது ஏ எழுத்து மட்டும், 216 பக்கம். மிச்சம் 1,800 பக்கத்தையும் சுமந்தவர் லூயிஸ், அவர் வக்கீல் வேறு. அங்கே ‘லூகூப்ரோ’ என்ற பதிவில் வரிசையாக மேற்கோள் குறிப்புகள். ஒவ்வொன்றையும் திறந்து பார்த்தால் ஒவ்வொரு வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருக்கிறது.

லிவியின் ரோம் வரலாறு, முதல் புத்தகம், 57ஆம் பகுதி. ஆர்தேயா நகர முற்றுகையில் பொழுது போகாத இளவரசர்கள் குடித்துவிட்டு, யார் மனைவி உத்தமி என்று பந்தயம் பேசுகிறார்கள். அந்த நேரத்திலேயே குதிரையேறி ஊருக்குப் போகிறார்கள். அரசன் மருமகள்கள் விருந்தும் கூத்துமாக இருக்கிறார்கள். கொலாதியாவில் லுக்ரேசியா மட்டும் அகால வேளையில் வீட்டின் நடுக்கூடத்தில் உட்கார்ந்து கம்பளி நூற்றுக்கொண்டிருக்கிறாள், சுற்றிலும் வேலைக்காரப் பெண்கள். அந்தப் பெண்களுக்கு லிவி போடும் அடைமொழி ‘லூகூப்ராந்தேஸ்’, விளக்கு வெளிச்சத்தில் வேலை பார்ப்பவர்கள். அதன் பிறகு நடந்த கொடுமையும், ரோமில் மன்னராட்சி கவிழ்ந்ததும் எல்லாருக்கும் தெரிந்த கதை. அந்தப் பணிப்பெண்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நம் வினைச்சொல் மட்டும் பேசுகிறது.

அடுத்து கொலுமெல்லா. முதலாம் நூற்றாண்டில் விவசாயம் பற்றி எழுதியவர். பண்ணை வேலையாட்கள் விடிவதற்கு முன்பும் இருட்டிய பின்பும் விளக்கு வைத்துக்கொண்டு திராட்சைக் கொடிக்கு ஊன்றுகோல் சீவ வேண்டும் என்கிறார். அந்த வேலைக்கும் ‘லூகூப்ராதியோ’ என்றே பெயர். குளிர்காலத்தில் பகல் குறுகியது, ஆளை சும்மா விடக் கூடாது என்ற பண்ணையார் கணக்கு.

அப்புறம்தான் படித்தவர்கள் பக்கம் வருகிறது. ரோமானியப் பேச்சாளர் சிசெரோ தன் சின்ன நூல் ஒன்றின் முன்னுரையில், குறுகிக்கொண்டிருக்கும் இரவுகளில் விளக்கடியில் எழுதியது இது என்கிறார். காலத்தில் சிசெரோ லிவிக்கு முந்தியவர்தான். ஆனாலும் லத்தீனில் இந்தச் சொல் எழுத்தாளனின் தனிச் சொத்தாக இருக்கவே இல்லை.

எனக்கு மிகவும் பிடித்தது பிளினியைப் பற்றிய குறிப்பு. 37 புத்தகமாக ‘இயற்கை வரலாறு’ எழுதிய மூத்த பிளினி, கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது இறந்தவர். அவருடைய சகோதரியின் மகனும் பிளினிதான், இளையவர். தாய்மாமன் என்னென்ன நூல் எழுதினார் என்று ஒருவர் கேட்டதற்குக் கடிதத்தில் பதில் சொல்கிறார், எப்படி இவ்வளவு எழுதினார் என்பதையும் கூடவே சொல்கிறார். ஆகஸ்ட் 23, நெருப்புத் தெய்வம் வல்கானின் திருவிழா. அன்றைக்கு விளக்கேற்றி வேலை தொடங்குவது நல்ல சகுனம் என்று ஊரில் வழக்கம். மாமாவும் அன்றிலிருந்துதான் விளக்கு வேலையைத் தொடங்குவார், ஆனால் சகுனத்துக்காக அல்ல, படிப்பதற்காக. குளிர்காலத்தில் நள்ளிரவுக்குச் சற்றுப் பின்னால் எழுந்துவிடுவார், பல நாள் நள்ளிரவிலேயே. விடிவதற்கு முன்னால் பேரரசர் வெஸ்பாசியனைப் பார்க்கப் போவார், அவரும் ராத்திரியில் வேலை பார்க்கும் ஆள். அந்த இடத்தில் வரும் வினை, ‘லூகூப்ராரே’.

ஏழாம் நூற்றாண்டில் செவில் நகரத்து ஆயர் இசிடோர் ‘லூகூப்ரும்’ என்று ஒரு சிறு விளக்கைக் குறிப்பிடுகிறார், சணல்திரியும் மெழுகும் கொண்டு செய்வது. நிழலில் ஒளிர்வதால் இந்தப் பெயர் என்கிறார்: ‘லூக்’ ஒளி, ‘உம்ப்ரா’ நிழல். கேட்க அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் நம்ப வேண்டாம். ‘லூக்’ சரி. ‘ப்ரும்’ என்பது கருவியைக் காட்டும் விகுதி, கேண்டெலாப்ரும் என்ற விளக்குத்தண்டில் வருகிறதே, அது. காதில் விழுந்த ஓசையை வைத்துப் பெயர்க்காரணம் சொல்லும் பழக்கம் நம் தலபுராணக்காரர்களுக்கு மட்டும் உரியதல்ல.

இவ்வளவும் லத்தீன் பக்கம் இருக்க, ஆங்கிலத்துக்கு வந்து சேர்ந்தது அறிஞனின் விளக்கு மட்டும். கம்பளி நூற்ற பெண்ணும் கம்பு சீவிய ஆளும் கப்பலேறவில்லை. அறிஞன் மட்டும் வந்தால் கேலியும் கூடவே வராதா? கிரேக்கப் பேச்சாளர் டெமஸ்தனிஸ் பேச்சில் விளக்குத்திரி நாற்றம் அடிக்கிறது என்று இன்னொரு பேச்சாளர் பித்தியாஸ் ஏதென்ஸிலேயே கிண்டல் செய்திருக்கிறார். உன் விளக்குக்கும் என் விளக்குக்கும் தெரிந்த விஷயங்கள் வேறு வேறு என்று டெமஸ்தனிஸ் திருப்பிக் கொடுத்ததாக, அவர் வாழ்க்கை வரலாற்றை எழுதிய புளூட்டார்க் சொல்கிறார். அந்த வாடை சொல்லில் ஒட்டிக்கொண்டது. இன்றைக்கு ஆங்கிலத்தில் ஒருவர் எழுத்தை லூக்யுப்ரேஷன் என்றால் பாதி நேரம் நக்கல்தான். பிரெஞ்சில் இன்னும் ஒருபடி மேலே போய், ‘எலுக்யுப்ரசியோன்’ என்றாலே உளறல், தலைகால் இல்லாத கற்பனை என்று ஆகிவிட்டது.

இதெல்லாம் பெட்டிக்குள் இல்லை. பெட்டி தந்த ஒற்றை வரியைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்த் தேடியது. லத்தீன் வேரை முழுசாகத் தெரிந்துகொள்ளத்தான் இந்த அகராதி என்று யாராவது சொன்னால் அது விற்பனைப் பேச்சு. ஆங்கிலத்தில் அந்தச் சொல் பிறந்ததிலிருந்து எப்படி நடந்தது என்பதை இதுபோல் வேறு எந்த அச்சுப் புத்தகமும் காட்டாது என்பதும் உண்மை. ஸ்டீல் வைத்த தலைப்பின் குறும்பு எனக்கு ருசித்தது இந்த மேற்கோள் வரிசையைப் பார்த்த பிறகுதான். மொழிபெயர்ப்பில் அந்த இடத்தில் கொஞ்சம் மீசை முறுக்கிய தமிழைப் போட்டேன். பதிப்பாசிரியர் ஒன்றும் சொல்லாமல் விட்டுவிட்டார்.

மற்ற குறைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1933க்குப் பிந்தைய உலகம் இதில் இல்லை. கம்ப்யூட்டர் என்றால் கணக்குப் போடும் மனிதர். துணைத்தொகுதி இரண்டாம் தொகுதியின் கடைசியில் தனியாக ஒட்டிக்கொண்டிருப்பதால் ஒரே சொல்லை இரண்டு இடத்தில் பார்க்க வேண்டும். விக்டோரியா காலத்துக் கூச்சத்தால் சில கெட்ட வார்த்தைகளை விட்டுவிட்டார்கள். பைண்டிங் வலுவானதுதான், ஆனால் முதுகெலும்பு இந்த எடைக்குப் பணிந்துவிடுகிறது. நிற்க வைத்தால் நாளடைவில் உள்கட்டு முன்பக்கம் தொங்கும். படுக்க வையுங்கள். பேருந்தில், ரயிலில், படுக்கையில் படிக்க முடியாது. ஒரு மணி நேரத்துக்கு மேல் குமிழோடு உட்கார்ந்தால் கழுத்து பிடித்துக்கொள்ளும், கண்ணுக்குள் எறும்பு ஊரும்.

மாற்று வழிகளும் உண்டு. முதல் பதிப்பின் மூலத் தொகுதிகள் காப்புரிமை முடிந்து இன்டர்நெட் ஆர்க்கைவில் ஸ்கேனாகவே கிடைக்கின்றன. பிராட்லியின் எல் எழுத்து ஆறாம் தொகுதியில் இருக்கிறது, அச்சான ஆண்டு 1908. பைசா செலவில்லை, திரையில் எவ்வளவு வேண்டுமானாலும் பெரிதாக்கலாம், தெருவும் தெரியும். இன்றைய திருத்திய பதிப்பு வேண்டுமானால் இணையத்தில் சந்தா கட்ட வேண்டும். 2000இல் எம் எழுத்திலிருந்து தொடங்கிய திருத்த வேலை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. இங்கிலாந்தில் இருக்கும் நம் ஆட்கள் முதலில் உள்ளூர் நூலக அட்டையைப் பாருங்கள், பல நூலகங்கள் உறுப்பினர்களுக்கு இதை இலவசமாகவே திறந்துவிடுகின்றன. ஒரு சொல்லின் பிறப்பு மட்டும் அவசரமாக வேண்டுமா? டக்ளஸ் ஹார்ப்பர் என்ற தனி ஆள் தொடங்கி வளர்த்த எட்டிமான்லைன் தளம் போதும். பிள்ளைகளுக்கு அதைத்தான் காட்டுவேன்.

அப்படியானால் யார்தான் இந்தப் பெட்டியை வாங்குவது? பழைய ஆங்கிலம் படிப்பவர்கள், மொழிபெயர்ப்பவர்கள், அச்சுக்கலை மேல் கிறுக்கு உள்ளவர்கள், திரையைப் பார்த்துப் பார்த்து அலுத்தவர்கள். போட்டித் தேர்வுக்கு வார்த்தை மனப்பாடம் செய்கிற பிள்ளைகள் வாங்க வேண்டாம். கொடுத்த காசு எனக்கு வசூலாகிவிட்டது என்றே சொல்வேன். ஐந்துக்கு நாலு நட்சத்திரம். ஒன்றைப் பிடித்தது லத்தீன் பக்கம் கை விரித்ததற்கு. காணாமல்போன கண்ணாடிக்கு விற்றவர்தான் பொறுப்பு, புத்தகத்தின் தலையில் அதைக் கட்டவில்லை.

வாங்குவதானால் விற்பவரிடம் மூன்று படம் கேளுங்கள். இழுப்பறையைத் திறந்து வைத்து ஒன்று. முதல் தொகுதியின் உள்முதுகு தெரிகிற மாதிரி நடுவில் விரித்து ஒன்று, தையல் விட்டிருந்தால் அங்கேதான் தெரியும். இரண்டாம் தொகுதியின் கடைசிப் பக்கங்கள் ஒன்று, துணைத்தொகுதியின் தாள்கள் கழன்று காணாமல்போன பிரதிகள் சந்தையில் உலவுகின்றன. கூரியர் செலவு யார் தலையில் என்பதையும் முன்பே பேசி முடித்துவிடுங்கள். இந்த எடைக்கு அது புத்தக விலையையே தொட்டுவிடும்.